மேகத்துக்கு ஒரு பாட்டு

18-11-1985, திங்கள்
வானம்: மேகம்.

வேதா டீச்சர் எங்கள் வானம் பார்க்கிற சங்கத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்துவிட்டார். தேதி போட வேண்டுமாம், வானம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமாம், பார்த்ததை எழுத வேண்டுமாம். நான் நாலாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் பட்டறையில் அப்பாவுக்குத் தகரம் பிடித்துக்கொண்டிருந்தவன். சொன்னேன். "எழுத்து தப்பா இருந்தா பரவால்ல பாய், வானம் தப்பா இருக்கக் கூடாது" என்றார்.

சரி. வானம் மேகம். பார்த்ததும் மேகம். மார்க் போடுங்க டீச்சர்.

எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வால் நட்சத்திரம் இப்போது வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "விடுங்க சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். சக்கரபாணி சார் அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

இவர் போஸ்டாபீஸில் தந்தி கிளார்க். டெலஸ்கோப் செய்ய ரெண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு கண்ணாடியைத் தேய்த்தார். பிறகு என் கடைக்கு வந்து, நாலடி நீளத்தில் தகரக் குழாய் வேண்டும் என்றார். நான் ட்ரங்குப் பெட்டி செய்கிறவன். உள்ளே என்ன வைக்கப் போறீங்க என்று கேட்டேன். "சனி கிரகம்" என்றார். பூட்டு வைக்கணுமா என்று கேட்டேன். அன்றைக்குப் பிடித்த சனி, மூணு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் அடி அண்ணாமலைக்கு சைக்கிள் மிதிக்கிறேன். அங்கே இருசப்பன் வீட்டு நெல் களத்தில்தான் எங்கள் சங்கம். விளக்கு வெளிச்சம் கிடையாது. கிழக்கே மலை.

23-11-1985, சனி
வானம்: மேகம். நடுவில் தூறல்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். மேகம் மூடினால் பாட்டு. முறை வைத்து ஒருத்தர், தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டைப் போட வேண்டும், இல்லை பாட வேண்டும். அடுத்தவர் பாட்டை யாரும் குறை சொல்லக் கூடாது. இது டீச்சர் போட்ட சட்டம். பாட்டு முடிந்தும் மேகம் விலகவில்லை என்றால் அதே பாட்டு மறுபடி. இது நான் போட்ட சட்டம். சக்கரபாணி சாருக்காகவே போட்டது. போன வருஷம் இருசப்பனுடைய கூத்துப் பாட்டை ஒரே ராத்திரியில் ஏழு தடவை கேட்டார். குறை சொல்ல முடியாது பாவம். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு தாளம் போட்டார்.

வேலூரிலும் எங்களைப் போல ஒரு கூட்டம் வானம் பார்க்கிறது. அவர்களுக்கும் மேகம். அவர்கள் பாட்டையெல்லாம் ஒரு கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பியிருந்தார்கள். பதிலுக்கு நாங்களும் அனுப்ப வேண்டும். அதற்காக இன்றைக்கு வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் சார் வீணை ஒன்றைப் போட்டார், டீச்சர் இந்திப் பாட்டு ஒன்று பாடினார், இருசப்பன் கூத்து. அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் நான் மட்டும்.

தொண்டை ரெண்டு மாசமாகக் கரகரப்புத்தான். ஆனாலும் முழுசாகப் பாடினேன். எங்கள் தெரு முனையில் அந்தக் காலத்தில் டென்ட் கொட்டாய் இருந்தது. டிக்கெட் கொடுக்கும் முன்னால் தினம் ஆறு மணிக்கு நான் பாடின அந்தப் பாட்டைத்தான் ஸ்பீக்கரில் போடுவான். அந்தப் பாட்டுக்குத்தான் நான் பட்டறையில் சுத்தி அடிப்பேன். பின் சந்தில் இருந்த ஒரு பெண் அந்தப் பாட்டுக்குத்தான் உலை வைப்பாளாம். நிக்காஹ் ஆனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வஜீதா ஒன்று சொல்வாள். நாலு பட்டறை இருக்கிற தெருவில் என் அடி அவளுக்குத் தனியாகத் தெரியுமாம். ஓங்கி ஒன்று, அதன் பின்னாலேயே பொடிசாக ஒன்று. அது சுத்தி துள்ளுவதுடி என்றேன். "ஒரு தடவ சொல்லி நிறுத்த உங்களுக்கும் தெரியாது, உங்க சுத்திக்கும் தெரியாது" என்றாள்.

26-11-1985, செவ்வாய்
வானம்: தீபம்.

மலை உச்சியில் நெய் எரிகிறது. இனிப் பதினோரு நாள் கிழக்கே ஒன்றும் பார்க்க முடியாது. ஊரெல்லாம் ஜனம். ரெண்டு பெட்டி விற்றது. சங்கத்துக்கு லீவு. சார் அந்தக் கேசட்டை வேலூருக்கு அனுப்பவில்லை. மறுபக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறதாம், வால் நட்சத்திரம் பார்த்தபிறகு அதைப் பற்றியும் பேசிப் பதிந்து அனுப்பலாமாம்.

3-12-1985, செவ்வாய்
வானம்: பார்க்கவில்லை.

டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். அவரும் ஒரு விதத்தில் எங்கள் சங்கம்தான். ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்றார். கிசுகிசுக்கவும் கூடாதாம்.

வஜீதா சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "இந்த வைத்தியத்துக்குத்தான் டாக்டர் இருபத்தஞ்சு வருசமாக் காத்துனு இருந்தேன்" என்றாள்.

எனக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

5-12-1985
ரெண்டு நாள்தான். இன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே, "எதையாச்சும் எழுதித் தொலைங்க, வீடு எப்டியோ இருக்குது" என்றாள்.

14-12-1985, சனி
வானம்: மேகம். வாய்: மூடி.

21-12-1985, சனி
வானம்: பாதி மேகம்.

கல்யாணப் பெண்ணின் அப்பா ஒருத்தர் பெட்டி வாங்க வந்தார். பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். வேறு நாளாக இருந்தால், பொண்ணை அனுப்பறீங்களா பொண்ணையே உள்ள வச்சுப் பூட்டப் போறீங்களா என்று கேட்டிருப்பேன். அவர் சிரித்திருப்பார். பெட்டியும் போயிருக்கும். சிலேட்டில் விலையை மட்டும் எழுதிக் காட்டினேன். வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஒரு கேலியை எழுதி முடிப்பதற்குள் அதன் நேரம் போய்விடுகிறது. எழுதின பிறகு அது கேலி இல்லை, கணக்குப் பாடம்.

களத்தில் என் முறை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் சட்டென்று தன் வீணையைப் போட்டார்.

8-1-1986, புதன்
வானம்: சுத்தம்.

பார்த்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து ஒரு முக்கால் மணி நேரம். மேற்கே தாழ்வாக. எங்கள் நாலு பேரில் எனக்குத்தான் கண் கூர்மை என்று முதலில் என்னைப் பார்க்கவிட்டார்கள். ஒரு பஞ்சு. தலையணை தைக்கும்போது விரலில் ஒட்டுமே, அவ்வளவு பஞ்சு. ஊதினால் போய்விடும் போல இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மூணு பேரும், என்ன பாய், என்ன தெரியுது என்று கேட்கிறார்கள். நாற்பத்தெட்டு வருஷம் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் பேசியவன். பேச ஒன்று கிடைத்த அன்றைக்கு வாய்க்குப் பூட்டு. இருட்டில் சிலேட்டும் தெரியாது. இருசப்பனின் கையைப் பிடித்துக் குழாயிடம் இழுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

டாக்டர் சொன்ன ஒரு மாசம் முடிந்து அஞ்சு நாள் ஆகிறது, பயத்தில் வாயைத் திறக்காமலே இருந்தேன். வீட்டுக்கு வந்து "வஜீதா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பழைய கதவு மாதிரி ஏதோ வந்தது. அவள் திரும்பவில்லை.

17-1-1986, வெள்ளி
வானம்: சுத்தம். அரை நிலா.

இன்றைக்கு வேறு வேலை. நிலா நகர்ந்து போகும்போது வழியில் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும். எந்த நொடியில் மறைந்தது என்று சரியாகக் குறித்து அனுப்பினால் கல்கத்தாவில் அதை வைத்துக் கணக்குப் போடுவார்களாம். ரேடியோவில் டெல்லியிலிருந்து நொடிக்கு ஒரு 'டிக்' வரும். அதைக் கேசட்டில் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். நட்சத்திரம் மறைந்த உடனே பார்க்கிற ஆள் கத்த வேண்டும். பிறகு கேசட்டைப் போட்டு எந்த டிக்கில் கத்தினார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பார்க்கிற ஆள் நான். கத்த முடியாதே? நான் தகரத் துண்டும் சுத்தியும் கொண்டுபோனேன். மறைந்த உடனே ஒரு அடி. சார் என்னைக் கட்டிக்கொள்ளாத குறை.

களத்தில் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகின கண் கெட்டுவிடும். கடைசி நிமிஷத்தில் சார், வெத்துக் கேசட் ஒண்ணு எடுங்க பாய் என்றார். பெட்டியில் துழாவி, சிவப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சீட்டில் ஒன்றும் எழுதாத பக்கமாகத் திருப்பி எடுத்துக் கொடுத்தேன்.

டிக், டிக், டிக். நட்சத்திரம் இருந்தது. பிறகு இல்லை. மங்கி அணையவில்லை. இருந்தது, இல்லை. அடித்தேன்.

டீச்சர் கை தட்டினார். ரொம்ப நாள் கழித்து ஏதோ பேசியது மாதிரி இருந்தது எனக்கு.

28-1-1986, செவ்வாய்
வேலூர் ஆஸ்பத்திரி. மயக்கம் கொடுத்துத் தொண்டையிலிருந்து கடுகளவு சதை எடுத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கதவுச் சத்தமும் இல்லை. காற்று மட்டும் வருகிறது.

6-2-1986, வியாழன்
புற்றுதான்.

குரல் பெட்டியை முழுசாக எடுத்தால் உயிர் நிற்கும் என்றார் வேலூர் டாக்டர். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாக மூச்சு விட வேண்டும். பேச முடியாது. பெட்டி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. ஐநூறு பெட்டி செய்திருப்பேன். இது ஒன்று என் கழுத்துக்குள் இருந்தது தெரியாது. டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பஸ்ஸில் வஜீதா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். போளூர் தாண்டி, "பாடுனீங்களே, அந்தக் கேசட்டு. அத வாங்கினு வந்துருங்க. வேலூருக்கும் வேணாம் யாருக்கும் வேணாம். வூட்ல இருக்கட்டும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் பாட்டை வேண்டும் என்று அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. பெரிய பாகவதர் என்று சொல்லித்தான் பழக்கம்.

8-2-1986, சனி
சார் வீட்டுக்குப் போனேன். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். உடனே எழுந்து பெட்டியைத் திறந்தார். ஜன்னல் பக்கம் நல்ல வெயில். கேசட்டை வெளியே எடுத்ததும் அந்தப் பக்கத்துச் சீட்டில் எழுத்து தெரிந்தது. சிவப்பு மசி, டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. 'ஹபீப் பாய் பாட்டு. அழிக்கக் கூடாது.'

சார் அதை மெஷினில் போட்டார்.

டிக். டிக். டிக்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். டிக் டிக். நடுவில் ஒரு 'டங்'. பிறகும் டிக் டிக். கடைசி வரைக்கும். மெஷினை நிறுத்தாமல் நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சார் கேசட்டை இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு டார்ச்சின் கீழே பிடித்தார். எழுத்து போய்விட்டது. வெற்றுச் சீட்டு. வெயிலில் பிடித்தார். எழுத்து வந்தது. ரெண்டு மூணு தடவை அப்படியே செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

யாரைத் திட்டுவது? சிவப்பில் எழுதின டீச்சரையா? பேப்பர் திருத்துகிற கை, அந்தப் பேனாதான் இருக்கும். மெஷினை அழுத்தின சாரையா? வெத்து என்று எடுத்துக் கொடுத்தவன் நான். சுத்தியால் அடித்தவன் நான். என் பாட்டின் மேலே நானே ஓங்கி அடித்திருக்கிறேன்.

மூணு வருஷமாக இந்த மனுஷனைச் சும்மாவே வம்புக்கு இழுத்தேன். இன்றைக்குத் திட்டக் காரணம் இருக்கிறது, குரல் இல்லை. குரல் இருந்தாலும் திட்டியிருப்பேனா? சிலேட்டில், 'வீணைக்கு ஆபத்தில்லையே?' என்று எழுதிக் காட்டினேன். அது அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அவர் அழுதுவிட்டார். கேலியே செய்திருக்கக் கூடாது.

9-2-1986, ஞாயிறு
மூணு பேரும் மெஷினோடு பட்டறைக்கு வந்தார்கள். வஜீதா தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம். மறுபடி பாடச் சொன்னார்கள். ரெண்டு வரி போதும் பாய், ஒரு வரி போதும் என்றார் டீச்சர். மைக்கை உதட்டுக்கே வைத்தார்கள். பாடினேன். வாய் பாடியது, கை தாளம் போட்டது, மூச்சு முட்டியது. போட்டுக் கேட்டோம். புஸ் புஸ் என்று துருத்திச் சத்தம்.

இருசப்பன் வெளியே போய் நின்றுகொண்டான். டீச்சர், "என் பேனாவ உடைக்கணும்" என்றார்.

வஜீதாவிடம் பொய் எழுதினேன். கேசட் வேலூர்க்காரர்களிடம் போயிருக்கிறது, வந்துவிடும் என்று. படித்துவிட்டுச் சிலேட்டை அவளே துடைத்தாள்.

19-2-1986
நாளைக்கு ஆபரேஷன். வஜீதா பக்கத்தில் உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டிருக்கிறாள். பொய்யைச் சொல்லிவிடலாமா? இன்றைக்கா?

வேண்டாம்.

22-3-1986, சனி
வானம்: தெரியாது.

வீட்டுக்கு வந்து மூணு நாள். கழுத்தில் குழாய். தும்மினால் கழுத்து தும்முகிறது. சிரித்தால் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஏதோ ஒரு வழியில் சிரிக்க வைக்கிறேன்.

சாயங்காலம் சக்கரபாணி சார் வந்தார். என்னிடம் வரவில்லை. நேரே வஜீதாவிடம் போய், கேசட்டை ரெண்டு கையாலும் நீட்டி, நடந்தது முழுசும் சொன்னார். உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொய்யும் சேர்ந்து வெளியே வந்தது. தடுக்க என்ன வழி? கட்டிலைத் தட்டினேன். யாரும் திரும்பவில்லை.

வஜீதா, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கேட்டுப் பார்க்கவும் இல்லை. எங்கள் வீட்டில் மெஷின் ஏது?

இவளுக்கும் பேச்சு போய்விட்டால் இந்த வீட்டில் என்ன இருக்கும்?

2-4-1986
கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். நாங்கள் அனுப்பின நேரம் சரியான நேரமாம். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். சார் கொண்டுவந்து காட்ட வெட்கப்பட்டு இருசப்பனிடம் கொடுத்தனுப்பினார்.

13-4-1986, ஞாயிறு காலை
நேற்றைய வானம்: மேகம்.

இதை மெதுவாக எழுத வேண்டும்.

இந்த வாரம்தான் வால் நட்சத்திரம் பூமிக்கு ரொம்பப் பக்கம். தென்கிழக்கே, மலைத் தோளுக்கு மேலே ஒன்பது மணி வாக்கில் ஏறி வரும் என்றார்கள். இதை விட்டால் 2061. என்னை வண்டி கட்டி அழைத்துப்போக இருசப்பன் வந்தான். வஜீதா கதவைப் பூட்டிக்கொண்டு அவளும் ஏறி உட்கார்ந்தாள். மூணு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் களத்தை அவள் எட்டிப் பார்த்ததில்லை.

மலையின் மேலே மேகம். நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் ஒரு பாட்டுப் பாடினார். இருசப்பன் பாடினான். அடுத்தது என் முறை. சார் அவசரமாக, இப்போ என் வீணை என்று சொல்லி மெஷினிடம் போனார்.

"அவரு மொறைய ஏங்க தாண்டுறீங்க?" என்றாள் வஜீதா.

முந்தானையிலிருந்து கேசட்டை எடுத்தாள். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, வெத்தாகத் தெரியும் பக்கத்தை மேலே வைத்து, சாரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மெஷினில் வைத்தார், பட்டனை அழுத்தவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பட்டன் என்று கேட்டு அவளே அழுத்தினாள்.

டிக். டிக். டிக்.

நாங்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம்? எண்ணவில்லை. எண்ணினால் கணக்குச் சரியாக வந்திருக்கும்.

டங். அதன் பின்னாலேயே, ரொம்பப் பொடிசாக, இன்னொன்று.

நான் அதுவரை அந்த ரெண்டாவதைக் கேட்டதே இல்லை. சார் கேட்டதில்லை. கல்கத்தாவில் கேட்டிருக்க மாட்டார்கள். வஜீதா என் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து முகம் பார்த்துப் பேசாதவள்.

"இது நீங்கதான்" என்றாள்.

யாரும் குறை சொல்லவில்லை. அது டீச்சர் சட்டம்.

டிக் டிக் ஓடி முடிந்தது. மலையின் மேலே மேகம் அப்படியே நின்றது. வஜீதா அண்ணாந்து பார்த்தாள். பிறகு எந்தப் பட்டன் என்று யாரையும் கேட்காமல், கேசட்டை முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தாள்.